பதினேழாம் குழாய்

இங்கே ஜூலையில் இரவு வருவதில்லை.
சூரியன் தொடுவானத்தில் முழங்கால் மடித்துக்
கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்துகொள்ளும்.
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று
எதையும் தள்ளிப்போட முடியாது.
நாளை எங்கே தொடங்குகிறதென்று
எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

ஆறு வாரப் பயிற்சி. லாப்லாந்தின் சதுப்பு.
பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்த நிலத்தடி நீர்
படத்தில் நீலமாக, நேராகப் படுத்திருந்தது.
இங்கே அது பூட்ஸுக்குள் வருகிறது.

முதல் நாளே வியேனோ மூன்று விதி சொன்னாள்.
பென்சிலால் எழுது; மை மழையில் கரையும்.
எழுதியதை அழிக்காதே. ஒற்றைக் கோடு போட்டு அடி,
அடித்தது கீழே தெரியட்டும்.
மூன்றாவதைச் சொன்னபோது
என் காதுக்குள் கொசு இருந்தது.

நாங்கள் அளக்கும் முறையைக் கேட்டால் சிரிப்பீர்கள்.
பாசிக்குள் செங்குத்தாக இறக்கிய பிளாஸ்டிக் குழாய்கள்,
மொத்தம் இருபத்திரண்டு.
ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய ரப்பர் குழாயை விட்டு
ஊதிக்கொண்டே இறக்க வேண்டும்.
களகளவென்று குமிழ்ச் சத்தம் கேட்டால் நிறுத்து.
விரல் பிடித்த இடத்தில் சென்டிமீட்டரைப் படி.
பால் தம்ளரில் இதைச் செய்தால்
குழந்தைக்கு அடி விழும்.
எங்களுக்கு மதிப்பெண்.

நானும் ஈவரியும் ஜோடி.
நான் ஊதுவேன், அவன் எழுதுவான்.

அன்று மழை.
பதினாறாம் குழாயருகே பலகை வழுக்கி
முழங்கால் வரை இறங்கினேன்.
கால் வந்துவிட்டது, பூட்ஸ் வரவில்லை.
"நீ அறைக்குப் போ, மிச்சத்தை நான் முடிக்கிறேன்"
என்றான்.
ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போனேன்,
எவ்வளவு நல்லவன் என்று நினைத்தபடி.

இரவு பதினொன்றரை. ஜன்னலில் வெயில்.
மேல்சட்டையைக் காயப்போட எடுத்தேன்.
பைக்குள் சுருண்டு கிடந்தது
ரப்பர் குழாய்.

மேசையில் குறிப்பேடு திறந்திருந்தது.
பதினேழில் 11. பதினெட்டில் 12.
அப்படியே போய் இருபத்திரண்டில் 9.
அழகான எண்கள்.
அக்கம்பக்கத்தோடு சண்டை போடாத,
நல்ல குடும்பத்து எண்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
குழாயை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தேன்.
ஈவரி அதை ரொம்ப நேரம் பார்த்தான்,
ஊர்ந்துவிடும் என்பதுபோல.
"சராசரி எடுத்துத்தான் எழுதினேன்" என்றான்.
பிறகு, "உனக்கு என் பூட்ஸ் சரியாக வருமா?"

கடைசியிலிருந்து தொடங்கினோம்.
இருபத்திரண்டு. ஊதினேன். ஒன்பது.
அவன் எழுதியதும் ஒன்பது.
இருபத்தொன்றும் சரி.
இருபதில் ஒரு சென்டிமீட்டர் தப்பு.
பத்தொன்பது, பதினெட்டு, மறுபடியும் சரி.
அவன் உதட்டோரம் ஏதோ முளைக்கத் தொடங்கியது.
எனக்குப் பயமாயிருந்தது.
பதினேழும் பதினொன்றாக இருந்துவிட்டால்
இவனிடம் நான் என்ன சொல்வேன்?

பதினேழாம் இடத்தில் குழாய் இல்லை.
பெயர்ந்து, பத்தடி தள்ளி, வாய் நிறையப் பாசியோடு
படுத்துக் கிடந்தது.
சுற்றிலும் பிளந்த குளம்புத் தடங்கள்.
கலைமான்கள், மந்தையாக,
எந்தச் சராசரிக்கும் சொல்லாமல்
அந்த வழியே போயிருக்கின்றன.

ஈவரி சிரிக்கவில்லை. நானும்தான்.
குறிப்பேட்டை என் முதுகில் வைத்து எழுதினான்.
ஆறு எண்களின் மேலும் ஆறு கோடுகள்.
பென்சில் முனை என் சட்டை வழியே உறுத்தியது.
பதினேழுக்கு எதிரே:
'குழாய் பெயர்ந்துள்ளது. அளவு இல்லை.
நேரம் 1.10. வெயில்.'

கடைசி வாரம் வரைபடத்தைச் சுவரில் காட்டினோம்.
பதினாறு வரை வந்த கோடு அங்கே அறுந்து
பதினெட்டில் மறுபடி தொடங்கியது.
பின்வரிசையிலிருந்து ஓனெர்வா கேட்டாள்,
"அந்த இடைவெளி என்ன?"
நான் வாய் திறப்பதற்குள் ஈவரி எழுந்தான்.
கலைமானிலிருந்து தொடங்குவான் என்று நினைத்தேன்.
மழையிலிருந்து தொடங்கினான்.

குறிப்பேடு இப்போது நிலைய அலமாரியில் இருக்கிறது.
அந்தப் பக்கத்தில் நசுங்கிய கொசு ஒன்று,
பக்கத்தில் சிவப்பாய்ப் பொட்டளவு.
அவனுடையதா, என்னுடையதா என்று
குறித்து வைக்க மறந்துவிட்டோம்.